கணக்கு விடைத்தாளில் முதல் தப்பு எந்த வரியில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் மாணவர் கைக்கு வரும் நேரம் இது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கணக்குத் தாளுக்கு நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். மேலே வட்டமிட்ட எண்ணைப் பார்க்கிறார்கள். திட்டு விழுகிறது, அல்லது பாராட்டு. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டதும் தாள் பள்ளிக்குத் திரும்பிப் போய் விடைத்தாள் கட்டுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு எது தெரியும், எது அரைகுறை, எது தெரியவே தெரியாது என்பதெல்லாம் அந்தத் தாளில் வரி வரியாக இருக்கிறது. எந்தக் கைடிலும் கிடைக்காத அந்தச் செய்தியை யாரும் படிப்பதில்லை. சேலம் மாவட்டப் பெற்றோரும் கணித ஆசிரியர்களும் இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

இயற்கணிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பில் அது ஒரு பாடத்தின் தலைப்பாக இருந்தாலும், தொடர்வரிசை, ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல் எல்லாவற்றிலும் சமன்பாட்டைச் சுருக்கித் தீர்க்கும் வேலை இருக்கிறது. அடைப்புக்குறிக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியைக் கையாளத் தெரியாத பிள்ளைக்கு இந்தப் பாடங்கள் அனைத்திலும் மதிப்பெண் போகும். பெற்றோருக்கோ 'கணக்கே வரவில்லை' என்று தோன்றும். வராதது ஒரே ஒரு படியாக இருக்கலாம்.

நோட்டில் எக்ஸ், ஒய் என்று எழுதுவதை அச்சு வசதிக்காக இங்கே க, ச என்று எழுதுகிறேன்.

மதிப்பெண் போன ஒவ்வொரு கணக்கிலும் முதல் தப்பு எந்த வரியில் என்று தேடுவதுதான் முதல் வேலை. சிவப்பு மை பெரும்பாலும் கடைசி விடையின் மேல்தான் விழுந்திருக்கும். தப்பு அங்கே இருக்காது. எட்டு வரிக் கணக்கில் இரண்டாம் வரியிலேயே நழுவியிருக்கும். அதற்குப் பிறகு வரும் ஆறு வரிகளும் அந்தத் தவறான வரியிலிருந்து முறைப்படியே போயிருக்கும். அதைக் காட்டினாலே பிள்ளையின் சோர்வு பாதி தீரும், ஏனென்றால் அந்த ஆறு வரிகளையும் செய்யத் தெரிந்திருக்கிறது.

தேடுவதற்கு எளிய வழி இருக்கிறது. சுருக்கும் கணக்கென்றால் க-வுக்கு ஓர் எண்ணைப் போட்டு ஒவ்வொரு வரியின் மதிப்பையும் பார்க்க வேண்டும். 5க − 3(க − 4) என்பதில் க = 3 என்று போட்டால் 15 − 3(−1), அதாவது 18. அடுத்த வரியாக 5க − 3க − 12 என்று எழுதியிருந்தால் அதன் மதிப்பு 15 − 9 − 12 = −6. மதிப்பு மாறிவிட்டதால் தப்பு இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான். கடைசி உறுப்பை +12 ஆக்கினால் மீண்டும் 18 வருகிறது. போடும் எண் 0, 1, 2 ஆக இருக்க வேண்டாம். 1-இன் வர்க்கமும் 1 என்பதாலும், 2-இன் வர்க்கமும் 2-இன் இருமடங்கும் ஒன்றே என்பதாலும் சில தப்புகள் மறைந்துகொள்ளும். 3 அல்லது 5 நல்லது.

சமன்பாடு என்றால் பாடநூலின் பின்பக்கத்தில் உள்ள சரியான விடையை எடுத்து, பிள்ளை எழுதிய ஒவ்வொரு வரியிலும் போட வேண்டும். 3(க − 2) = க + 8 என்பதன் விடை 7. முதல் வரியில் 7-ஐப் போட்டால் இரண்டு பக்கமும் 15. பிள்ளை அடுத்து 3க − 2 = க + 8 என்று எழுதியிருந்தால் இடப்பக்கம் 19, வலப்பக்கம் 15. வரி பிடிபட்டுவிட்டது: வெளியே உள்ள 3, அடைப்புக்குறிக்குள் இருக்கும் முதல் உறுப்பை மட்டும் பெருக்கியிருக்கிறது. இதைச் செய்யக் கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும். இயற்கணிதம் படிக்காத தாயோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து 'இந்த வரியில் போட்டுப் பார், இரண்டு பக்கமும் ஒன்றா?' என்று கேட்கலாம்.

விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் தப்புகள் மிகப் பல அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைத் தொடாமல் சரியான விடையை மட்டும் எழுதிக் காட்டினால் அடுத்த தேர்விலும் அதே தப்பு வரும்.

(க + ச)² என்றால் க² + ச² என்று எழுதுவது மிகப் பழைய தப்பு. 2(க + ச) என்பது 2க + 2ச ஆவதைப் பார்த்த பிள்ளை வர்க்கமும் அப்படியே பிரியும் என்று நினைத்துக்கொள்கிறது. 3, 4 என்று போடச் சொல்லுங்கள்: ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. விட்டுப்போன 24 எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பக்கம் 7 உள்ள சதுரத்தை வரைந்து, 3, 4 என்று பிரித்து, 3-க்கு 4 ஆக இரண்டு செவ்வகங்கள் விடுபட்டதைக் காட்ட வேண்டும். சூத்திரத்தைப் பத்து முறை எழுதச் சொல்வதைவிட இந்தப் படம் நிற்கும்.

அடுத்தது 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்ற குறுக்கு விதி. 3க = −12 என்பதிலிருந்து க = −12 − 3 = −15 என்று எழுதும் பிள்ளைகளும், க = 4 என்று முடிக்கும் பிள்ளைகளும் இந்த விதியைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள். கூட்டலுக்குப் பொருந்தும் ஒன்றைப் பெருக்கலுக்கும் நீட்டிவிட்டார்கள். இருபுறமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்பது மனத்தில் இல்லாமல் விதி மட்டும் தங்கிவிட்டது. இப்படித் தவறும் பிள்ளைகள் இரண்டு வாரத்துக்காவது ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் 'இருபுறமும் 5 கூட்டு', 'இருபுறமும் 3 ஆல் வகு' என்று எழுதியே கணக்குப் போட வேண்டும். மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவு தேவை.

பின்ன வடிவில் வரும் விகிதமுறு கோவையில் (க + 6) ÷ (க + 2) என்பதற்குக் க-வை க-வோடு அடித்துவிட்டு 3 என்று எழுதுவார்கள். க = 3 என்றால் உண்மையான மதிப்பு 9 ÷ 5; 3 வருவதில்லை. கூட்டலில் நிற்கும் உறுப்பை அடிக்க முடியாது, பெருக்கலில் நிற்கும் காரணியைத்தான் அடிக்கலாம். (க² − 9) ÷ (க − 3) என்பதில் க² − 9-ஐ (க + 3)(க − 3) என்று காரணிப்படுத்திய பிறகுதான் அடிக்கும் உரிமை வருகிறது.

இருபடிச் சமன்பாட்டில் இரண்டு இடங்கள். க² = 3க என்பதை க-வால் வகுத்து க = 3 என்று மட்டும் எழுதுவது ஒன்று; 0 என்ற மூலம், அதாவது இன்னொரு விடை, தொலைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து க(க − 3) = 0 என்று எழுதினால் இரண்டும் கிடைக்கும். மற்றொன்று சூத்திர முறையில் வகுகோட்டைக் குட்டையாகப் போடுவது. க² − 6க + 7 = 0 என்பதில் 6 ± √8 முழுவதற்கும் அடியில் 2 வர வேண்டும்; விடை 3 ± √2. கோடு √8-க்கு அடியில் மட்டும் நின்றால் 6 ± √2 என்று வரும். மூலங்களின் கூடுதல் 6 ஆக இருக்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். 6 ± √2-இன் கூடுதல் 12. பத்து வினாடியில் பிடித்துவிடலாம். காரணிப்படுத்தலுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 6க² + க − 12 என்பதை (3க − 4)(2க + 3) என்று எழுதினால், க = 1 போட்டதும் இரண்டிலும் −5 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அடுக்கையே தவறாகப் போட்டிருந்தால் 1 காட்டிக்கொடுக்காது. சந்தேகம் இருந்தால் 3-ஐயும் போடட்டும்.

எட்டு மதிப்பெண் வரைபடத்தில் போவது பெரும்பாலும் குறை எண்ணைப் பிரதியிடும்போதுதான். ச = க² + க − 2 என்பதற்கு −3 முதல் 2 வரை அட்டவணை போட்டால் 4, 0, −2, −2, 0, 4 என்று வரும். −3-இன் வர்க்கத்தை −9 என்று எழுதும் பிள்ளைக்கு முதல் மதிப்பு −14 ஆகிவிடும். அட்டவணையில் வர்க்கத்துக்குத் தனி வரிசை ஒதுக்கி, எண்ணை அடைப்புக்குறிக்குள் வைத்து (−3)² என்று எழுதுவதே மருந்து. அந்த வரிசையில் எப்போதும் குறை எண் வரக்கூடாது என்று சொல்லிவைக்கலாம். பரவளையம் என்ற இந்த வளைகோடு சமச்சீரானது; மதிப்புகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வராவிட்டால், அல்லது ஒரு புள்ளி மட்டும் வளைகோட்டை விட்டு விலகி நின்றால், கோட்டை அந்தப் புள்ளிக்காக வளைக்காமல் அட்டவணைக்குத் திரும்ப வேண்டும்.

இவற்றையெல்லாம் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவதுதான் பெரிய இழப்பு. ஒரே தாளில் ஒரே வகைத் தப்பு மூன்று இடத்தில் இருந்தால் அது கவனக்குறைவே அல்ல; அந்தப் படி தப்பாகவே படிந்திருக்கிறது. 'கவனமாக எழுது' என்று சொல்வது அந்தப் பிள்ளைக்கு ஒன்றையும் கற்றுத் தருவதில்லை.

ஆகவே தாளை வைத்துக்கொண்டு, போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். கேள்வியைத் தவறாகப் படித்ததா, முறை தெரியவில்லையா, முறை தெரிந்து நடுப்படி தப்பியதா, கீழ்வகுப்புப் பின்னமும் குறை எண்ணும் காலை வாரியதா, நேரம் போதவில்லையா? ஐந்துக்கும் ஐந்து வேறு வைத்தியம். பின்னம் வராத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கை இன்னும் இருபது கொடுப்பது வீண். ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்கை ஒரு வாரம் தினம் பத்து நிமிடம் போடுவது பலன் தரும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நேரம்தான் பிரச்சினை என்றால் கணக்கு எளிது: 180 நிமிடத்துக்கு 100 மதிப்பெண், ஐந்து மதிப்பெண் கணக்குக்கு 9 நிமிடம். வீட்டில் கடிகாரம் வைத்து அப்படியே பழகட்டும். 9 நிமிடத்தில் முடியாவிட்டால் இடம் விட்டு அடுத்ததற்குப் போகவும் பழக வேண்டும், படிகளுக்கும் மதிப்பெண் உண்டு என்பதால்.

காரணம் தெரிந்த பிறகு அந்தக் கணக்கை வெள்ளைத்தாளில், பழைய தாளைப் பார்க்காமல், முதலிலிருந்து போட வேண்டும். சரியான விடையைப் பார்த்து எழுதுவது திருத்தம் ஆகாது. பிறகு எண்களை மட்டும் மாற்றி அதேபோல் ஒன்று. மூன்று நாள் கழித்து மறுபடி ஒன்று, இரண்டு வாரம் கழித்து வேறு கணக்குகளோடு கலந்து ஒன்று. அன்றைக்கே இரண்டு முறை சரியாகப் போட்டுவிட்டதால் கற்றாகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை இதற்கென்று வைத்து, தேதி, தப்பாக எழுதிய வரி, சரியான வரி, ஏன் என்பதற்கு ஒரே வாக்கியம் என்று எழுதினால் போதும். முழுக் கணக்கையும் அதில் எழுத வேண்டாம். தேர்வுக்கு முந்தைய நாள் படிக்க இதைவிட நல்ல நோட்டு கிடையாது.

வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். ஒரு பயிற்சியின் இருபது கணக்கையும் ஒரே இரவில் போட்டுவரச் சொல்லும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. முதல் மூன்றைப் போட்டதும் எந்த முறை என்று யோசிக்கத் தேவையில்லாமல் கை ஓடத் தொடங்கிவிடும். தேர்வில் கேள்வி தனியாக நிற்கும்போது எந்த முறையில் தொடங்குவது என்று தெரியாமல் பிள்ளை திகைக்கிறது. அமெரிக்காவில் டக் ரோரர் குழுவினர் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம், 54 வகுப்புகளில் இதைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில், வகைகளைக் கலந்து பயிற்சி செய்தவர்கள் 61 சதவீதமும், ஒரே வகையைத் தொடர்ந்து செய்தவர்கள் 38 சதவீதமும் எடுத்தார்கள். எட்டுக் கணக்கு போதும் என்பது என் கருத்து: அன்று நடத்தியதில் நான்கு, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று, வாக்கியக் கணக்கு ஒன்று. நாற்பது நிமிடத்தில் முடியும்.

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறை வேலையிலும், அம்மாபேட்டை, இளம்பிள்ளைப் பக்கம் தறியிலும் வீட்டாருக்கு மாலையில் கை கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் பருவம் அரையாண்டுத் தேர்வையொட்டியே வருகிறது. வீட்டில் பெரியவர்கள் தோட்டத்திலிருந்து அசந்து வரும் நேரம். அந்த வீடுகளில் நாற்பது நிமிடம் கிடைக்கும், மூன்று மணி நேரம் கிடைக்காது. இருபது கணக்கு கொடுத்தால் நண்பனின் நோட்டிலிருந்தோ கைடிலிருந்தோ அப்படியே இறங்கிவிடும்.

கைடை ஒழிக்க முடியாது. பயன்படுத்தும் விதத்தை மாற்றலாம். பத்து நிமிடம் முயன்றும் நகராவிட்டால் கைடில் அடுத்த ஒரு வரியை மட்டும் பார்த்து, மூடிவைத்துவிட்டுத் தொடர வேண்டும். பார்த்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். அந்தப் புள்ளிதான் ஆசிரியருக்கு வேண்டிய தகவல். ரப்பர் வேண்டாம். தப்பின் மேல் ஒரே கோடு போட்டு, கீழே திருத்தி எழுதினால் தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும். ஒரு வரியில் ஒரே ஒரு சமக்குறி. விடையை அன்றிரவே பாடநூலின் பின்பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். மூன்று நாள் கழித்து டிக் வாங்கும்போது எப்படிப் போட்டோம் என்பதே மறந்திருக்கும்.

வாக்கியக் கணக்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். '5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்கள் மொத்தம் 30, தொகை 210 ரூபாய்' என்ற கணக்கில் க + ச = 210 என்று தொடங்கும் பிள்ளைக்குத் தீர்க்கும் முறை நன்றாகவே தெரிந்திருக்கலாம். க என்பது நாணயங்களின் எண்ணிக்கையா, ரூபாயா என்று முடிவு செய்யாமல் தொடங்கியதுதான் கோளாறு. முதல் வரியில் 'க = 5 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை' என்று எழுதினால் க + ச = 30, 5க + 10ச = 210 என்பவை தாமாக அமையும்; 18-ம் 12-ம் கிடைக்கும். 'ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்' என்பதை மாணவர் எண்ணிக்கை க, ஆசிரியர் எண்ணிக்கை ச என்று வைத்து 30க = ச என்று தலைகீழாக எழுதுவதும் பரவலான தப்பு. சொற்கள் வந்த வரிசையிலேயே எழுதியதால் வருவது. இரண்டு ஆசிரியர் என்று போட்டுப் பார்த்தால் உடனே தெரியும்: 60 மாணவர் வர வேண்டும், ஆகவே க = 30ச.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பத்தைந்து தாளிலும் குறிப்பு எழுத நேரம் இல்லை என்பது உண்மை. குறிப்பு எழுதத் தேவையில்லை. முதல் தப்பு வரியின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும், என்ன தப்பு என்பதைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். மதிப்பெண்ணை ஒரு நாள் தள்ளிச் சொன்னால் இன்னும் நல்லது. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. வகுப்பில் அதிகம் பேர் செய்த மூன்று தப்புகளைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, 'இதில் எந்த வரி தப்பு, இப்படி எழுதியவர் என்ன நினைத்திருப்பார்?' என்று கேட்டால் ஒரு பாடவேளை போதும். அந்தக் கேள்வியில் கேலி கலந்துவிடக் கூடாது. கேலிக்குப் பயந்த பிள்ளை அடுத்த தேர்வில் தெரியாத கணக்கை முயலாமலே விட்டுவிடும். வெற்றிடத்தை வைத்து எந்த ஆசிரியராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

தலைமை ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான். விடைத்தாள் கொடுத்த வாரத்தில் இரண்டு கணிதப் பாடவேளைகளைத் திருத்தத்துக்கென்று ஒதுக்குங்கள். அந்த இரண்டிலும் புதிய பாடம் வேண்டாம். தாளைக் கையெழுத்து வாங்கி மறுநாளே கட்டிவைக்காமல் இரண்டு வாரம் பிள்ளையிடமே விடுங்கள். இரண்டு வாரம் முடிந்ததும் 20 மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு: பழைய தாளில் வகுப்பு அதிகம் தவறிய கணக்குகளே, எண்கள் மட்டும் மாற்றி. பெற்றோர் கூட்டத்தில் காலாண்டு எண்ணோடு இந்தச் சிறு தேர்வின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். 35-க்குக் கீழே எடுத்த பிள்ளைகளுக்கு இதை முதலில் தொடங்கினால், டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு இன்னும் இரண்டு சுற்றுக்கு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.